இரவல் கவர்னர்

பொய் என்று ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை. பொருத்தப்பட்டிருக்கிறதா என்று படிவம் கேட்டது, பொருத்தப்பட்டிருந்தது. இயங்குகிறதா என்று கேட்டது, இயங்கியது. நாளைக்கும் இதே இடத்தில் இருக்குமா என்று அது கேட்கவேயில்லை. கேட்காத கேள்விக்கு யார் பதில் எழுதுவார்கள்?

திங்கட்கிழமை காலையில் பணிமனைக்கும் ஸ்டோருக்கும் நடுவிலிருந்த முற்றத்தைக் கடக்கும்போது அவள் தனக்குள் இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தாள். எதிர்த்தரப்பு என்று யாரும் இல்லை. யாரும் அவளைக் குற்றம் சொன்னதும் இல்லை. இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தலைமையகத்திலிருந்து கப்பல்களைத் தகுதி பார்க்க ஆட்கள் வரும் வாரத்தில், இந்த வழக்கு தானாக விசாரணைக்கு வந்துவிடும்.

கடற்படைத் தளத்தின் பழுதுபார்க்கும் பிரிவில் அவள் தர ஆய்வாளர். இருபத்தாறு வருட வேலை. கப்பலில் எந்த இயந்திரத்தைக் கழற்றி மாட்டினாலும், அவள் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அதனால் அவளுக்குக் கையெழுத்தம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கையெழுத்தம்மா. அது காதில் விழுந்தால் விழாத மாதிரி நடந்துவிடுவாள். உள்ளூரப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்பதை அவள் தன் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

ஸ்டோர்கீப்பருக்கும் ஒரு பெயர் உண்டு, இல்லையண்ணன். எதைக் கேட்டாலும் முதல் பதில் அதுதான். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்ல மேடம்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையேண்ணே."

"நீங்க முற்றத்துல பாதி வரும்போதே மூஞ்சியில எழுதியிருந்துச்சு. ஒரு வருஷமா ஒரே கேள்வி. ஊர் உலகத்துக்கெல்லாம் கவர்னர் கிடைக்கறாங்க, நம்ம கப்பலுக்கு ஒருத்தர் வரமாட்டேங்கறார்."

"வியாழக்கிழமைக்குள்ள வரலைன்னா?"

"வரலைன்னா என்ன, இருக்கவே இருக்கு இரவல்." அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நம்ம ஆளுங்க கைக்கு முன்னால ஸ்டோர் எதுக்குங்கறேன். என்னைக்கூட வீட்டுக்கு அனுப்பிடலாம்."

ஜெனரேட்டர் இன்ஜினின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டிக்குத்தான் கவர்னர் என்று பெயர். ஒரு ஆள் தூக்கிவிடலாம், இரண்டு பேர் பிடித்தால் முதுகுக்கு நல்லது. அது இல்லாவிட்டால் மின்சாரம் ஏறி இறங்கும், ரேடார் திரை கண் சிமிட்டும், அந்த ஜெனரேட்டரால் ஒரு பயனும் இல்லை. தளத்தில் ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு கப்பல்கள் இருந்தன. முதலில் வந்ததை மூத்தவள் என்றும், அடுத்து வந்ததை இளையவள் என்றும் பணிமனையில் சொல்வார்கள். இரண்டிலும் மும்மூன்று ஜெனரேட்டர்கள். மூன்றும் ஓடினால்தான் கப்பல் தயார் என்று அறிக்கையில் ஏறும்.

ஒரு வருடத்துக்கு முன்னால் இளையவளின் மூன்றாவது கவர்னர் பல்சக்கரம் தேய்ந்து உயிரை விட்டது. அந்த ரகத்தைச் செய்த நிறுவனம் அதைச் செய்வதையே நிறுத்தியிருந்தது. மறுநாள் தகுதி ஆய்வு. எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது ஃபோர்மேன்தான் சொன்னார்: மூத்தவளுக்குக் காலையில் ஆய்வு, இளையவளுக்கு மதியம் மூன்று மணிக்கு, காலையில் பார்த்து முடித்ததும் மூத்தவளின் கவர்னரைக் கழற்றி இளையவளுக்கு மாட்டிவிட்டால் என்ன? கழற்றி மாட்டி, எண்ணெய் ஊற்றி, காற்றை வெளியேற்றி, வேகத்தைச் சரிபார்க்க ஒரு முழு நாள் ஆகும் என்று கையேடு சொன்னது. அவர்கள் நான்கு மணி நேரத்தில் முடித்தார்கள். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் கையெழுத்துப் போட்டாள். தளத்தின் தலைமை அதிகாரி இறங்கி வந்து ஒவ்வொருவர் கையையும் குலுக்கினார், எண்ணெய்க் கை என்றும் பார்க்காமல். அன்று வீட்டுக்குப் போகும் வழியில், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லிவிடலாமா என்றுகூட அவளுக்கு இருந்தது.

அது அன்றோடு முடிந்திருக்க வேண்டும். இரவல் என்று ஒரு பெயர் வைத்ததும் அது ஒரு முறையாகிவிட்டது. நான்கு ஆய்வுகளில் நான்கு இரவல். வியாழக்கிழமை வந்தால் ஐந்து.

அன்று சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். அவளைவிடப் பதினோரு வயது சின்னவன், இளையவளின் தலைமை எஞ்சினியர். அவன் அந்தக் கப்பலுக்குப் போனதிலிருந்து அக்காவும் தம்பியும் பேச உட்கார்ந்தால் வேறு யாருக்கும் அங்கே இடம் கிடையாது. அவள் கணவர் தேநீரை வைத்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பேசுங்க. உங்க ரெண்டு பேர் நடுவுல உக்காந்தா எனக்கு டீயிலேயே டீசல் வாசம் அடிக்குது."

"மாமா, இன்னும் ரெண்டு வாரத்துல நிம்மதியா இருக்கலாம். நான் இருக்கமாட்டேன்," என்றான் தம்பி. பிறகு அவளைப் பார்த்தான். "ஆய்வு முடிஞ்சு பத்தாவது நாள் கிளம்பறோம்க்கா. மூணு வாரம். எல்லைக் காவல்."

ஒரு வருடமாக இளையவள் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பயணம்தான் போய்க்கொண்டிருந்தாள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். அதற்கு இரண்டு ஜெனரேட்டர் தாராளம்.

"மூத்தவ சனிக்கிழமை வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போறா. கவர்னரும் அவகூடப் போயிடும்," என்றாள்.

"போகட்டும். எனக்கு ரெண்டு இருக்குல்ல."

"ரெண்டுல ஒண்ணு நின்னுடுச்சுன்னா?"

"மிச்சம் ஒண்ணு ஓடும். கணக்கு வாத்தியார் மாதிரி கேக்கறியே."

"அந்த ஒண்ணுல என்னென்ன ஓடும்?"

அவன் பதில் சொல்லுமுன் தேநீரை ஒரு மிடறு குடித்தான். "சுக்கான் ஓடும். ரேடார் ஓடும். தீயணைக்கற பம்ப்பைப் போடணும்னா ரேடாரைக் கொஞ்சம் அணைச்சுக்கணும்."

"தீப்பிடிச்ச நேரத்துல கண்ணைக் கட்டிக்கிட்டுப் போவீங்களா?"

"எல்லாம் சேர்ந்தா நடக்கப்போகுது? நான் பார்த்துக்கறேன்." குரலை இறக்கினான். "ஆய்வுல கப்பல் ஆகாதுன்னு போச்சுன்னா ஆளுங்களைப் பிரிச்சிடுவாங்கக்கா. உத்தரவு எழுதி ரெடியா இருக்கு. நூத்திப் பதினெட்டுப் பேரு. ஒவ்வொருத்தனுக்கும் எந்தக் குழாய் எங்க போகுதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லத் தெரியும். அப்படி ஒரு கூட்டத்தைச் சேர்க்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. கலைச்சிட்டா மறுபடி சேராது."

அவன் சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. அந்த இன்ஜின் அறையில் அவள் நின்று பார்த்திருக்கிறாள். அங்கே யாரும் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடுவதில்லை. ஒருவன் கையை நீட்டினால் அடுத்தவன் சரியான ஸ்பேனரை வைக்கிறான். தம்பி உண்டாக்கிய அமைதி அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு விம்மும்.

"நாளைக்குக் கொள்முதல் பிரிவுக்கு நானே போய் ஒரு சத்தம் போட்டுட்டு வரேன்," என்றாள்.

"போ. ஆனா வியாழக்கிழமை கையெழுத்தைப் போட்டுட்டுச் சத்தம் போடு."

கொள்முதல் பிரிவு தளத்தின் மறுகோடியில், மூன்றாம் மாடியில் இருந்தது. கடல் தெரியாத கட்டடம். பணிமனையில் அந்தப் பிரிவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. அவளே பேசியதில்லை. தூங்குகிறார்கள், கோப்பைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி, மேஜையில் தலை சாய்த்த ஒருவரையாவது பார்க்கப்போகிறோம் என்ற எதிர்பார்ப்போடுதான் படியேறினாள்.

கவர்னருக்கான கோப்பு முப்பதைத் தாண்டாத ஒரு பெண்ணிடம் இருந்தது. மேஜையின் இரண்டு பக்கமும் கோப்புகள் அவள் தோள் உயரத்துக்கு நின்றன. மதியச் சாப்பாட்டு டப்பா திறந்தபடி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. அவள் தூங்கி நாளாகியிருக்கும் என்று தோன்றியது.

"கவர்னர் தானே மேடம்? தெரியும். உக்காருங்க." இடது பக்க அடுக்கின் நடுவிலிருந்து தேடாமலே ஒரு கோப்பை உருவினாள். "பழைய ரகம் இப்ப யாரும் செய்யறதில்ல. புது ரகம் கிடைக்குது. பொருத்தற இடத்துல சின்ன மாற்றம் வேணும், அதுக்குத் தொழில்நுட்பக் குழு சம்மதிக்கணும்."

"சம்மதிக்க ஒரு வருஷமா?"

"குழு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க மேடம். இந்தப் பொருள் இல்லாததால கப்பலோட தயார்நிலை பாதிச்சிருக்கான்னு. பாதிச்சிருந்தா அவசரம், சிவப்பு அட்டை, ஆறு வாரத்துல ஒப்பந்தம் போட்டுடுவோம். பாதிக்கலைன்னா சாதாரணம், வரிசைப்படி." அவள் பக்கங்களைத் திருப்பினாள். "அதுக்குப் பதிலா இங்க நாலு சான்று வெச்சிருக்கு. மூணு மாசத்துக்கு ஒண்ணு. எல்லாத்துலயும் மூன்றாவது ஜெனரேட்டர் இயங்குகிறது, கப்பல் தயார்னு இருக்கு."

நான்கு தாள்கள். அடியில் நான்கு கையெழுத்துகள்.

"உங்களோடதா மேடம்?" பெண் குனிந்து பார்த்தாள். "நாலு தடவையும் ஒரு புள்ளிகூட மாறல. ரொம்ப அழகா இருக்கு."

"ஆமா, என்னோடதுதான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க, கப்பல் தயாரா இல்லையா? எனக்கு எது எழுதினாலும் சரிதான். வந்ததை வெச்சுத்தானே நான் அடுக்க முடியும்?"

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் பெண் உண்மையாகவே கேட்டாள், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

"வியாழக்கிழமைக்கு அப்புறம் சொல்றேன்," என்று எழுந்துவிட்டாள்.

படியிறங்கும்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தூங்குகிறார்கள் என்று ஒரு வருடமாகத் திட்டினோம். நான்கு முறை தாலாட்டுப் பாடியது நாம்தான். அதுவும் எவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறோம். ஒரு முறை தடுமாறியிருந்தால், ஒரு முறை மூன்று மணிக்குள் முடியாமல் போயிருந்தால், இந்நேரம் கவர்னர் வந்து பத்து மாதம் ஆகியிருக்கும். எங்களால் முடியாது என்று ஒரு தடவை சொல்லத் தெரியாத கெட்டிக்காரத்தனம்.

புதன்கிழமை முழுவதும் அவள் தன்னையே சந்தேகித்தாள். கையெழுத்துப் போடாமல் இருப்பது நேர்மையா, இல்லை, அந்தப் பெண் முன்னால் அவமானப்பட்டதற்குப் பழிவாங்கலா? கோப்பில் தன் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக நூற்றுப் பதினெட்டுப் பேரைக் கலைக்கலாமா? தன் பெயர்மேல் தனக்கு இருக்கும் ஆசை அவளுக்குத் தெரியும். அதனால் தன் நேர்மையை அவள் சுலபத்தில் நம்புவதில்லை. மூன்றாவது ஜெனரேட்டர் இல்லாத கப்பலில் தம்பி இல்லாமல் வேறு யாரோ போவதாக நினைத்துப் பார்த்தாள். பதில் மாறவில்லை. தம்பியே போவதாக நினைத்தாள். அப்போதும் மாறவில்லை. அவன் முகத்தை மட்டும் நினைத்தபோதுதான் தடுமாறியது.

வியாழக்கிழமை பத்தரை மணிக்குத் தலைமையக ஆட்கள் மூத்தவளைப் பார்த்து முடித்துக் காபி குடிக்கப் போனார்கள். ஃபோர்மேன் மணியைப் பார்த்தார்.

"கவர்னர் மாற்றல் ஆகிறார். வழியனுப்பு விழா வேண்டாம், நேரா பதவியேற்புதான்," என்றார். ஆட்கள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வேண்டாம், கழற்றாதீர்கள் என்று ஒரு வார்த்தை. அவள் சொல்லவில்லை. ஏன் என்று பிற்பாடு தன்னைக் கேட்டுக்கொண்டபோது கிடைத்த பதில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த வேலையை இன்னொரு முறை பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

எண்ணெயை வடித்தார்கள். இணைப்புக் கம்பியைக் கழற்றி, அதன் நீளத்தை ஒருவன் வாய்விட்டுச் சொல்ல இன்னொருவன் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். நான்கு போல்ட்டுகள். பெட்டியைத் துணியில் சுற்றி, நோயாளியைத் தூக்குகிற மாதிரி தூக்கி, செங்குத்தான ஏணியில் ஏற்றி, அருகருகே கட்டியிருந்த இரண்டு கப்பல்களுக்கு நடுவிலிருந்த பலகையில் நடந்து, மறுபடி இறக்கினார்கள். இளையவளின் இன்ஜின் அறையில் தம்பியின் ஆட்கள் இடத்தைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்தபோது எந்தக் கை யாருடையது என்று தெரியவில்லை. தண்டு பல்சக்கரத்தில் உட்கார மறுத்தபோது ஃபோர்மேன் யாரையும் தொடவிடாமல் கண்ணை மூடிக்கொண்டு, விரல் நுனியால் ஒரு மயிரிழை திருப்பினார். உட்கார்ந்தது.

ஜெனரேட்டர் ஓடியது. அவள் மின் சுமையை ஏற்றச் சொன்னாள். வேகம் காட்டும் முள் இறங்கி, ஒரு மூச்சு விடும் நேரத்தில் திரும்பி வந்து நின்றது. சுமையை எடுக்கச் சொன்னாள். ஏறியது, திரும்பியது, நின்றது. உள்ளங்கையை இன்ஜினின் பக்கவாட்டில் வைத்தாள். ஒரே சீரான அதிர்வு.

"மூணரை மணி நேரத்துல முடிச்சாச்சு," என்றார் ஃபோர்மேன், யாரிடமும் இல்லாமல் பொதுவாக. கையைத் துடைத்துக்கொண்டிருந்த எல்லோர் முகத்திலும் அது தெரிந்தது. அவள் முகத்திலும் தெரிந்திருக்கும். இதை வேறு எந்தத் தளத்தில் செய்வார்கள் என்று நினைத்தாள். எங்கேயும் செய்ய முடியாது.

தம்பி படிவத்தை அட்டையில் செருகி நீட்டினான்.

அவள் வாங்கி மூன்று வரிகளையும் படித்தாள். பிறகு அதை அப்படியே அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன மேடம், ஏதாவது விட்டுப்போச்சா?" என்றான் தம்பி. கப்பலில் அவனுக்கும் அவள் மேடம்தான்.

"ஒண்ணும் விட்டுப்போகல. இதைவிட நல்லாப் பொருத்த முடியாது." ஃபோர்மேனுக்கும் கேட்கும்படி சொன்னாள். "இதைக் கழற்றி மூத்தவகிட்டயே கொண்டுபோய் மாட்டுங்க. அங்க ஓட்டிப் பார்த்து நான் கையெழுத்துப் போடறேன். சனிக்கிழமை அவ கிளம்பணும்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் பின்னால் நின்றவர்களுக்கு முதலில் புரியவில்லை. முன்னால் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஃபோர்மேன் துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

தம்பி அவளை ஓரமாக, ஏணிக்கு அடியில் அழைத்துப் போனான். "மூணு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அவங்க பேனாவைத் திறந்துக்கிட்டே வருவாங்க. விளையாடாதே."

"நாலு தடவை நான் போட்டதைக் காட்டித்தான் உன் கவர்னரை வாங்காம வெச்சிருக்காங்க. அங்க போய்ப் பார்த்தேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. நாமதான் எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கோம்."

"சரி, இந்த ஒரு தடவை போடு. திரும்பி வந்ததும் நானே உன்கூட அங்க வந்து உக்காரறேன்."

"நீ நடுக்கடல்ல இருக்கும்போது ஒண்ணு நின்னுபோச்சுன்னா, மூணும் ஓடுதுன்னு கரையில என் கையெழுத்து இருக்கும். உன்னைத் தேட வர்றவங்களுக்குக்கூட உனக்கு என்ன இல்லைன்னு தெரியாது."

 படிவத்தை மடிக்காமல், கசக்காமல் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். கோபம் வந்தால் அவன் கத்துகிற ஆள் இல்லை. சின்ன வயதிலும் அப்படித்தான், மூக்கு நுனி மட்டும் சிவக்கும்.

"ஆளுங்க போயிடுவாங்க," என்றான்.

"போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியல." அது அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. "நீ தலைமையகத்துக்காரங்ககிட்ட நேராச் சொல்லு, மூணாவது ஜெனரேட்டருக்குக் கவர்னர் கிடையாது, ஆறு வாரத்துல ஒண்ணு வாங்கிக் கொடுத்தா மூணு பெருங்கடலும் போய்ட்டு வருவோம்னு. இவ்வளவு நல்ல ஆளுங்களுக்கு ஒரு பெட்டி சொந்தமாக் கேக்கறதுல என்ன வெட்கம்? நானும் கூட வந்து நிக்கறேன்."

மேலே தளத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தலைமையக ஆட்கள் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள் போலிருந்தது. தம்பி நிமிர்ந்து பார்த்துவிட்டு, கப்பலில் ஒருபோதும் கூப்பிடாத விதமாக அவளைக் கூப்பிட்டான்.

"அக்கா."

அவன் பேனாவை நீட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கை நடுங்கவில்லை, நல்ல எஞ்சினியரின் கை. அவள் தன் இரண்டு கைகளையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"வேண்டாம்பா," என்றாள்.